பழைய ஆங்கிலப் பத்திரத்தில் தெரிந்த சொற்களையும் அகராதியில் பாருங்கள்

தாத்தா காலத்து ஆங்கிலப் பத்திரம் வீட்டுப் பீரோவில் இருக்கிறதா? அதை வைத்துச் சொத்தை விற்கவோ, பாகம் பிரிக்கவோ, கடன் வாங்கவோ நினைக்கிறீர்களா? அப்படியானால் நான் பட்டதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். சென்னை புரசைவாக்கத்தில் அப்பா வழியில் எங்களுக்கு வந்த பாதி வீட்டை விற்க நான் அலைந்த அலைச்சலுக்கு வில்லங்கமோ கடனோ நடப்பு வழக்கோ காரணம் இல்லை. ஐந்தாறு பழைய ஆங்கிலச் சொற்கள்தான் காரணம். அவற்றைத் தப்பும் தவறுமாகத் தமிழில் பெயர்த்துக் கொடுத்ததால் ஒரு வருடத்துக்கும் மேல் வீணானது. பணமாகப் பார்த்தால் சுமார் நாலே முக்கால் லட்சம் ரூபாய் போனது. சித்தப்பா குடும்பத்தோடு பேச்சு அறுந்து, இன்னும் முழுதாக ஒட்டவில்லை. அப்பா இல்லை, அண்ணன் வெளிநாட்டில், அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. எல்லாவற்றுக்கும் நான் ஒருத்திதான் ஓடினேன். அந்த நேரத்தில் யாராவது ஒருவர், "ஏம்மா, இந்தச் சொல்லுக்கு அந்தக் காலத்துச் சட்டத்துல வேற அர்த்தம், அதை முதல்ல பாரு" என்று சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது. எனக்குச் சொல்ல ஆள் இல்லை. உங்களுக்கு நான் சொல்கிறேன்.

எங்களிடம் இருந்தவை மூன்று காகிதங்கள். 1926இல் அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து அந்த வீட்டை வாங்கிய கிரயப் பத்திரம். தம்பிதான் என் கொள்ளுத்தாத்தா. அவர் சீக்கிரமே இறந்துபோனார். அவருடைய மகன், அதாவது என் தாத்தா, 1938இல் பாகம் கேட்டு உயர் நீதிமன்றத்தில் போட்ட வழக்கின் டிக்ரி, அதாவது தீர்ப்பாணை, இரண்டாவது. அப்போது தாத்தாவுக்குப் பதினாறு வயது. மூன்றாவது, வீட்டின் பின்பக்கக் கிடங்கை ஒரு காகித வியாபாரிக்குப் பத்து வருடத்துக்கு விட்ட 1941ஆம் ஆண்டுக் குத்தகைப் பத்திரம். மூன்றும் ஆங்கிலம். கிராமத்துச் சொத்துக்கு அந்தக் காலப் பத்திரம் பெரும்பாலும் தமிழில் இருக்கும். மதராஸ் நகரத்துச் சொத்து என்றால், அதுவும் உயர் நீதிமன்றம் வரை போன சொத்து என்றால், ஆங்கிலம்தான். மொத்தம் ஒரு கிரவுண்டும் 600 சதுர அடியும், அதாவது 3000 சதுர அடி. முன்கட்டில் அந்த அண்ணனின் வழி, அதாவது பெரிய தாத்தா வழி வந்த சித்தப்பா குடும்பம். பின்கட்டில் நாங்கள். பின்கட்டு அளவில் சிறியது. வசதிக்காக அப்படிப் புழங்கி வந்தார்களே தவிர யாரும் அளந்து பிரித்துக்கொள்ளவில்லை. இந்த விவரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எங்கள் பாகத்தை வாங்க வந்தவர் வெளியூரில் இரும்புக் கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர். ஆங்கிலம் படிக்க மாட்டார். "எனக்குத் தமிழ்ல எழுதிக் குடுத்துருங்கம்மா, என் பசங்களும் படிக்கணும்" என்றார். நியாயமான கோரிக்கை. ஆறு மாதத்தில் கிரயம் என்று அக்ரிமெண்ட் போட்டு, மூன்று லட்சம் முன்பணம் கொடுத்தார். அந்தப் பணம் அப்படியே அம்மாவின் ஆபரேஷனுக்குப் போய்விட்டது. மொழிபெயர்ப்புக்கென்று போர்டு போட்ட ஒரு இடத்தில் மூன்றையும் கொடுத்தேன். பதினாலாயிரம் ரூபாய் வாங்கினார்கள். பச்சைத் தாளில் அழகாக அடித்து, ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை குத்தி, நோட்டரி கையெழுத்தும் வாங்கித் தந்தார்கள். அந்த முத்திரையைப் பார்த்தால் யாருக்குமே சந்தேகம் வராது. செல்போனில் போட்டு வந்ததை ஒழுங்குபடுத்தி அடித்திருக்கிறார்கள் என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. நானே அதே வரிகளைப் போனில் தட்டிப் பார்த்தபோது அதே தமிழ் வந்தது.

முதல் அடி டிக்ரியின் முதல் பக்கத்திலேயே விழுந்தது. வாதியின் பெயர் வரும் இடத்தில், "கைக்குழந்தையான வாதி, அவரது அடுத்த நண்பர் இன்னார்" என்று தமிழில் இருந்தது. வாங்குபவரின் வக்கீல் ஆபீசில் ஜூனியர் ஒருவர் தமிழ்ப் பிரதியை மட்டும் வைத்துக் குறிப்பு எழுதியிருக்கிறார். அவர் கணக்கில் வாதிகள் இரண்டு பேர்: ஒரு குழந்தை, ஒரு நண்பர். ஆக, எங்கள் பாதியில் அந்த நண்பருக்கும் பங்கு இருக்கிறது. அவருடைய வாரிசுகள் எல்லோரிடமும், பங்கை விட்டுக்கொடுத்ததாக விடுதலைப் பத்திரம் வாங்கி வந்தால்தான் மேலே பேசலாம். எனக்குக் கை கால் ஓடவில்லை. அந்தப் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. அம்மாவைக் கேட்டேன், யோசித்து, "தாத்தாவோட தாய்மாமன் பேர் மாதிரி இருக்கே" என்றார். அவர் போய்ச் சேர்ந்து அறுபது வருடத்துக்கு மேல் இருக்கும். அவருடைய பிள்ளைகள் திருச்சிப் பக்கம் போனார்கள் என்பது மட்டும்தான் தெரியும். இதற்கென்று அலையும் ஒரு ஆளைப் பிடித்து, போக்குவரத்துச் செலவு, விசாரிக்கிற செலவு என்று இருபத்திரண்டாயிரம் கொடுத்தேன். ஒரு வழியாகப் பேரப்பிள்ளைகள் இரண்டு பேரைக் கண்டுபிடித்தோம். அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "அப்ப எங்களுக்கும் அந்த வீட்ல பங்கு வருதா அக்கா?" அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. இல்லாத பங்கை நானே தேடிப் போய் அவர்கள் மடியில் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

உண்மை என்னவென்றால், நெக்ஸ்ட் ஃப்ரெண்ட் என்பது உறவோ நட்போ அல்ல, நீதிமன்றத்தில் ஒரு பொறுப்பின் பெயர். மைனர் தன் பெயரில் தானே வழக்குப் போட முடியாது. அவன் பெயரில், அவன் சார்பாக வேறொருவர் போட வேண்டும். அப்படிப் போடுகிறவருக்குத்தான் அந்தப் பெயர். 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 32ஆவது கட்டளை முதல் விதியிலேயே இது இருக்கிறது. இன்றைக்கும் நடைமுறையில் உள்ள சட்டம். தாய், தாய்மாமன், யார் வேண்டுமானாலும் அந்தப் பொறுப்பில் நிற்கலாம். அந்தப் பொறுப்பினால் அவருக்குச் சொத்தில் ஒரு பிடி மண்கூடச் சேராது. பிரதிவாதி மைனராக இருந்தால் அவர் சார்பில் நிற்பவருக்குக் கார்டியன் என்று போட்டிருக்கும், அதுவும் இதே கதைதான். இன்ஃபன்ட் என்பதும் அப்படியே. சட்ட ஆங்கிலத்தில் அது தொட்டில் குழந்தை இல்லை, மைனர். இங்கிலாந்தில் 1969இல் சட்டம் மாற்றும் வரை 21 வயது நிரம்பாத எல்லோரும் இன்ஃபன்ட்தான். இந்தியாவில் 1875ஆம் ஆண்டு மேஜர் வயதுச் சட்டப்படி பொதுவாக 18. பதினாறு வயது தாத்தாவைக் கைக்குழந்தை என்று எழுதியதைப் படித்தபோதே ஏதோ சரியில்லை என்று மனசு சொன்னது. ஆனால் முத்திரை போட்ட தாளை எதிர்த்துக் கேட்கத் தைரியம் வரவில்லை. உங்களுக்கு அப்படி ஒரு உறுத்தல் வந்தால் அந்த இடத்திலேயே நில்லுங்கள். குடும்பத்தில் நடந்தது என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்றும் பத்திரத்தின் தமிழும் மோதினால், பெரும்பாலும் தமிழில்தான் கோளாறு. பழைய கோர்ட் காகிதத்தில் தெரியாத பெயர் வந்தால், அந்த ஆள் எந்தத் தகுதியில் அங்கே நிற்கிறார் என்று பாருங்கள். உரிமைக்காரரா, சார்பாளரா, சாட்சியா? அது தெரியாமல் வாரிசைத் தேடிக் கிளம்பாதீர்கள்.

இதைவிட என் மனசை நோக வைத்தது இன்னொரு சொல். டிக்ரியில், வாதிக்கு இந்த வீட்டில் ஒரு மாய்ட்டி உரிமை உண்டு என்று இருந்தது. மொழிபெயர்ப்பில் அதை "ஒரு சிறு பகுதி" என்று போட்டுவிட்டார்கள். அந்தத் தமிழ்ப் பிரதி எப்படியோ முன்கட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் சித்தப்பா கூப்பிட்டு, "ஏம்மா, கோர்ட்டே உங்க தாத்தாவுக்குச் சிறு பகுதின்னுதானே எழுதியிருக்கு? நீ பாதின்னு சொல்லி விக்கிறியாமே?" என்றார். அவர் பேராசைக்காரர் இல்லை. எதிரில் இருக்கும் தாளில் எழுதியிருப்பதைப் படித்தார். பின்கட்டு சிறியதாக இருப்பதும் அந்த வரியோடு கச்சிதமாகப் பொருந்திப்போனது. எனக்கு அழுகைதான் வந்தது. எங்கள் அப்பா இருந்தவரை, "நம்மது சரிபாதி" என்று சொல்லிக்கொண்டே இருந்தவர். அப்பா பொய் சொன்னாரா என்று ஒரு கணம் நினைத்தேன் பாருங்கள், அதை நினைத்தால் இன்றும் சங்கடமாக இருக்கிறது.

மாய்ட்டி பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பிரெஞ்சில் பாதிக்கு இன்றும் முவாத்தியே என்றுதான் பெயர். சட்டப் பத்திரத்தில் மாய்ட்டி என்றால் இரண்டு சமபாகங்களில் ஒன்று. ஆனால் பொதுவான எழுத்தில் "ஏதோ ஒரு பங்கு" என்ற தளர்ந்த பொருளும் அதற்கு உண்டு, வேதியியலில் மூலக்கூறின் ஒரு பகுதியையும் அப்படிச் சொல்வார்கள். கைபேசி அகராதிகள் இந்தப் பொருள்களையும் கலந்து கொடுத்துவிடுகின்றன. சரி, எது சரி என்று எப்படித் தெரிந்துகொள்வது? அகராதியைவிட உறுதியான சாட்சி அதே பத்திரத்திலேயே இருந்தது. இரண்டு பத்தி தள்ளி, "மற்ற மாய்ட்டி பிரதிவாதிக்கு" என்று வருகிறது. ஒரு சிறு பகுதி இவருக்கு, மற்ற சிறு பகுதி அவருக்கு என்றால் மிச்ச வீடு யாருக்கு? இரண்டு மாய்ட்டி சேர்ந்தால்தான் முழு வீடு. இதைக் கண்டுபிடித்த அன்று நான் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு முன்கட்டுக்குப் போனேன். சித்தப்பா படித்துவிட்டு எதுவும் சொல்லவில்லை. ஆனால் அதற்குள் இரண்டு வீட்டுப் பெண்களும் பேசக் கூடாததைப் பேசி முடித்திருந்தார்கள். அதனால் ஒன்று சொல்கிறேன்: ஒரு பழஞ்சொல்லுக்கு அர்த்தம் தேடும்போது அதே பத்திரத்தில் அந்தச் சொல் வேறு எங்கெல்லாம் வருகிறது என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போங்கள். நீங்கள் வைத்த அர்த்தம் எல்லா இடத்திலும் உட்கார வேண்டும். ஒரு இடத்தில் இடித்தாலும் அது தப்பு. மொழிபெயர்ப்பு சரிபார்க்கப்படும் வரை அதை உறவினர் எவர் கையிலும் கொடுக்காதீர்கள். தப்பான தாள் ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிட்டால், சரியான தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் நடந்த பேச்சு நடந்ததுதான்.

மூன்றாவது அடி குத்தகைப் பத்திரத்தில். அதில் டிமைஸ் என்ற சொல் வருகிறது. இன்று செய்தித்தாள் படிக்கும் யாருக்கும் அதற்கு மரணம் என்றுதான் அர்த்தம் தெரியும். தமிழ்ப் பிரதியில், "உரிமையாளர்கள் இறப்பின் மூலம் குத்தகைதாரருக்கு அளிக்கிறார்கள்" என்று எழுதியிருந்தது. அதாவது எங்கள் தாத்தாவும் பெரிய தாத்தாவும் இறந்த பிறகு கிடங்கு அந்தக் காகித வியாபாரிக்குப் போய்விடும் என்று வாங்குபவர் தரப்பு புரிந்துகொண்டது. சட்டத்தில் டிமைஸ் என்றால் குத்தகைக்குக் கொடுத்தல், அவ்வளவுதான். ஒப்படைத்தல், கைமாற்றுதல் என்பதே மூலப் பொருள். அரசர் இறந்ததும் முடி அடுத்தவருக்குக் கைமாறுகிறது அல்லவா, அந்தக் கைமாற்றத்தைக் குறித்த சொல் நாளடைவில் மரணத்துக்கே ஆகிவிட்டது. பத்திரம் எழுதியவர்கள் மட்டும் பழைய பொருளை விடவில்லை. அதே பத்திரத்தின் கடைசியில், இந்தக் குத்தகை 1951 ஜூன் 30ஆம் தேதி டிட்டர்மின் ஆகும் என்று ஒரு வரி. அதைத் "தீர்மானிக்கப்படும்" என்று பெயர்த்திருந்தார்கள். அப்படியென்றால் 1951இல் ஏதோ முடிவு எடுத்திருக்கிறார்கள், அந்த முடிவு எங்கே, அந்தக் காகிதத்தைக் கொண்டு வா என்றார்கள். நான் எங்கே போவேன்? குத்தகையைப் பற்றிப் பேசும்போது டிட்டர்மின் என்றால் முடிவுக்கு வருதல். 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 111ஆவது பிரிவு முழுக்க இந்தப் பொருளில்தான் இருக்கிறது. ஒரு குத்தகை எந்தெந்த வகைகளில் முடிகிறது என்ற பட்டியல் அது. காலம் முடிந்தால் முடியும் என்பதுதான் பட்டியலின் முதல் வகை. ஆக, அந்த ஒரு வரிதான் எங்களைக் காப்பாற்றும் வரி. பத்து வருடம் முடிந்ததும் குத்தகை தானாக முடிந்தது என்று அதுவே சொல்கிறது.

லெட் என்ற சொல்லையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் குத்தகைப் பத்திரத்தில் அது இரண்டு இடத்தில், இரண்டு எதிர்ப்பொருளில் வருகிறது. டிமைஸ் அண்ட் லெட் என்று வரும் இடத்தில் வாடகைக்கு விடுதல். வித்தவுட் லெட் ஆர் ஹிண்டரன்ஸ் என்று வரும் இடத்தில் தடை. பழைய ஆங்கிலத்தில் இவை வெவ்வேறு வினைச்சொற்கள், காலப்போக்கில் ஒரே எழுத்துக்கூட்டில் வந்து நின்றுவிட்டன. உங்கள் இந்திய பாஸ்போர்ட்டின் உள்பக்கத்தில் குடியரசுத் தலைவர் பெயரால் இருக்கும் வேண்டுகோளில் இதே தொடர் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். இதை வைத்து எனக்கு ஒரு நல்ல வழி பிடிபட்டது. ஆங்கிலச் சட்டப் பத்திரத்தில் சொற்கள் பெரும்பாலும் ஜோடியாக வரும். 1066இல் பிரான்சிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு சட்டம் பல நூற்றாண்டுகள் பிரெஞ்சிலும் லத்தீனிலும் நடந்தது. நீதிமன்றப் பதிவுகள் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்ற சட்டம் 1733இல்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பழக்கத்தில் ஆங்கிலச் சொல் ஒன்றும் பிரெஞ்சு வழிச் சொல் ஒன்றுமாகச் சேர்த்து எழுதும் வழக்கம் ஊறிப்போனது. எனவே ஒரு சொல் புரியாவிட்டால் பக்கத்துச் சொல்லைப் பாருங்கள், பாதி நேரம் அதுவே அர்த்தம் சொல்லிவிடும். நம் பழைய கிரயப் பத்திரத்திலும் "புத்திர பௌத்திர பாரம்பரியமாய் சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள" என்று அடுக்குவார்கள். ஆங்கிலப் பத்திரத்தில் ஏர்ஸ் (வாரிசுகள்), அஸைன்ஸ் (உரிமை மாற்றிப் பெற்றவர்கள்), கொயட் என்ஜாய்மென்ட் என்று வருவதும் கிட்டத்தட்ட அதே இடத்தில் அதே வேலையைச் செய்கிறது. என்ஜாய்மென்ட் என்றால் கொண்டாட்டம் இல்லை, நம் பத்திரங்கள் சொல்லும் அனுபோகம். அதே காலத்துத் தமிழ்க் கிரயப் பத்திரம் ஒன்று சொந்தக்காரர்களிடம் கிடைத்தால் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள், பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடும்.

ஆனால் இதெல்லாம் எனக்குத் தெரிவதற்கு முன்பே ஆறு மாதக் கெடு முடிந்துவிட்டது. வாங்க வந்தவர், "தப்பா நினைக்காதீங்கம்மா, எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லி முன்பணத்தைத் திரும்பக் கேட்டார். கையில் பணம் இல்லை. என் நகையையும் அம்மா நகையையும் அடகு வைத்து மூன்று லட்சத்தைக் கட்டினேன். அந்த நகையை மீட்கும் வரை வட்டி மட்டும் முப்பத்தோராயிரம். நடுவில் இன்னொரு மொழிபெயர்ப்பாளரிடம் ஒன்பதாயிரம் கொடுத்துப் பார்த்தேன். அவர் முதல் பிரதியைக் கேட்டு வாங்கி, அங்கங்கே எழுத்துப் பிழை திருத்தி, "அடுத்த நண்பர்" என்பதை "நெருங்கிய நண்பர்" என்று ஆக்கிக் கொடுத்தார். அதனால்தான் சொல்கிறேன், இரண்டாவது ஆளிடம் போகும்போது முதல் பிரதியைக் காட்டாதீர்கள். அந்த மாதங்களில் எனக்கு யார் மீதும் நம்பிக்கை இல்லாமல் போனது. பத்திரத்தைக் கையில் எடுத்தாலே நெஞ்சு படபடக்கும். அண்ணன் வாரம் ஒருமுறை போனில், "என்ன ஆச்சு, ஏன் இழுக்குது?" என்பான். பதில் சொல்லத் தெரியாமல் எரிந்து விழுவேன்.

கடைசியில் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போய் உட்கார்ந்தேன். 1896இல் திறந்த நூலகம். பழைய புத்தகம் வேண்டுமென்றால் சென்னையில் அங்கேதான் முதலில் போக வேண்டும். அங்கே உதவிக்கு வந்தவர் முதலில் எடுத்துக் காட்டியது பி. ராமநாத ஐயரின் சட்டச் சொல் அகராதி, 1940இல் வெளிவந்தது. இந்திய நீதிமன்றங்கள் ஒரு சொல்லை எப்படிப் பொருள் கொண்டன என்பதைத் தீர்ப்புகளோடு சொல்லும் புத்தகம். என் பத்திரங்களும் அதே காலத்தவை. அதில் டிமைஸ் என்ற பதிவைப் படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் லேசானது. அடுத்து ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி. 1884இல் பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கி 1928இல் முடிந்த அந்த அகராதியின் பலம், ஒரு சொல்லுக்கு எந்த ஆண்டில் என்ன பொருள் இருந்தது என்று பழைய மேற்கோள்களோடு ஆண்டு போட்டுக் காட்டுவது. வழக்கொழிந்த சொல்லுக்கும் பொருளுக்கும் சிலுவைக் குறி போட்டிருக்கும். பழைய பத்திரத்துக்கு இன்றைய அகராதி போதாது, பத்திரத்தின் காலத்தை ஒட்டிய அகராதி வேண்டும். 1848இல் வந்த வார்ட்டனின் சட்ட அகராதியின் பழைய பதிப்புகள் இணைய ஆவணகத்தில் (இன்டர்நெட் ஆர்க்கைவ்) இலவசமாகவே கிடைக்கின்றன.

அங்கே உட்கார்ந்துதான் ஒன்று விளங்கியது. மெஸ்விஜ், ஹெரிடிட்டமென்ட் போன்ற பார்த்தே இராத சொற்களால் எங்களுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. தெரியாத சொல் என்பதால் மொழிபெயர்த்தவர் நின்று தேடி, வீடும் சேர்ந்த நிலமும் என்றும், வாரிசுக்குப் போகக்கூடிய சொத்து என்றும் சரியாகவே போட்டிருந்தார். கெடுத்ததெல்லாம் நண்பன், குழந்தை, மரணம், தீர்மானம் என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த சொற்கள். தெரியும் என்பதால் யாரும் தேடவில்லை. உங்கள் பத்திரத்தில் இந்த ரகச் சொற்கள் இன்னும் பல இருக்கலாம். இஷ்யூ என்றால் பிள்ளைகள், சந்ததி. டைட் வித்தவுட் இஷ்யூ என்றால் பிள்ளையில்லாமல் இறந்தார். பிரசன்ட்ஸ் என்று பன்மையில் வந்தால் பரிசு இல்லை, "இந்தப் பத்திரம்" என்று பொருள். செவரல் என்பது பலர் இல்லை, தனித்தனி; ஜாயின்ட் அண்ட் செவரல் என்றால் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு. டெனமென்ட் என்றவுடன் ஒண்டுக் குடித்தனம் என்று எழுதிவிடுவார்கள், பத்திரத்தில் அது ஒருவர் வசம் உள்ள நிலம், கட்டடம் எதையும் குறிக்கும். அட்டர்னி என்றால் வக்கீலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, அதிகாரம் பெற்ற முகவர். ரெலிக்ட் என்றால் விதவை. எங்கள் 1926 கிரயத்தை எழுதிக் கொடுத்தவரே ஒரு ரெலிக்ட்தான், அவரைக் "கைவிடப்பட்டவர்" என்று போட்டிருந்தார்கள். புருஷனால் கைவிடப்பட்டவர் என்றால் புருஷன் உயிரோடு இருக்கிறார் என்றாகிவிடுமே, அப்புறம் அவர் கையெழுத்து எங்கே என்று கேட்பார்கள். கடிதங்களில் தேதிக்குப் பக்கத்தில் இன்ஸ்டன்ட் என்றிருந்தால் இதே மாதம், அல்டிமோ என்றால் போன மாதம், பிராக்ஸிமோ என்றால் அடுத்த மாதம். நோட்டீஸ் தேதி, கெடு எல்லாம் இதில் மாறிப்போகும், கவனம்.

மதராஸ் பத்திரம் என்றால் இன்னொரு வகையும் உண்டு: நம் ஊர்ப் புழக்கத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள். டோப் என்பது நம் தோப்பு. டேங்க் என்பது ஏரி அல்லது குளம். தண்ணீர்த் தொட்டி என்று எழுதினால் செக்குபந்தியே, அதாவது சொத்தின் நான்கு எல்லையே, தவறிவிடும். காணி என்பது 24 கிரவுண்டு, ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி. பகோடா என்பது கோயிலாகவும் இருக்கலாம், பணமாகவும் இருக்கலாம். பணமானால் அது வராகன் நாணயம், ஒன்று மூன்றரை ரூபாய் மதிப்பு. மிகப் பழைய பத்திரத்தில் விலையே அதில்தான் இருக்கும். பசலி என்பது வருவாய்த் துறைக் கணக்கு ஆண்டு, அதோடு 590 கூட்டினால் வரும் ஆங்கில ஆண்டின் ஜூலையில் அது தொடங்கும்; பசலி 1340 என்றால் 1930 ஜூலை முதல் 1931 ஜூன் வரை. எங்கள் டிக்ரியில் பயால் இரு தரப்புக்கும் பொது என்று ஒரு வரி இருந்தது. மொழிபெயர்ப்பில் அந்த இடம் வெறும் கோடாக விடப்பட்டிருந்தது. பயால் என்பது திண்ணை, போர்ச்சுகீசியர் விட்டுச் சென்ற சொல். தெருப்பக்கத் திண்ணையில் எங்களுக்கும் பாதி உண்டு என்பது அந்தக் கோட்டுக்குள் மறைந்து கிடந்தது. இந்த ரகத்துக்கு 1886இல் வந்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் என்ற ஆங்கிலோ-இந்தியச் சொல் அகராதியும், 1855இல் வந்த வில்சனின் நீதி, வருவாய்த் துறைச் சொல்லடைவும் போதும். ஹாப்ஸன்-ஜாப்ஸனை சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணைய அகராதித் தொகுப்பில் சொல் போட்டுத் தேடலாம், காசு இல்லை.

நான் செய்தது இதுதான். மூன்று பத்திரத்தையும் நகல் எடுத்து, சந்தேகம் உள்ள சொல், சந்தேகமே இல்லை என்று தோன்றும் சொல், இரண்டுக்கும் வரி எண் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் எதிரில் சட்ட அகராதி சொல்லும் பொருளையும் பக்க எண்ணையும் எழுதினேன். அந்தப் பட்டியலோடு சிவில் வழக்கில் பழுத்த ஒரு மூத்த வக்கீலிடம் ஒரு மணி நேரம் கேட்டு உட்கார்ந்தேன். ஐந்தாயிரம் வாங்கினார். அவர் ஆங்கில மூலத்தையே படித்தார், தமிழ்ப் பிரதியைத் தொடவே இல்லை. அரை மணி நேரத்தில், "எல்லாம் சரிதாம்மா, உங்க பாதி சுத்தமா இருக்கு" என்று சொல்லி, அதையே எழுத்தில் ஒப்பீனியனாகக் கொடுத்தார். முதலிலேயே மூலத்தைப் படிக்கும் வக்கீலிடம் ஒப்பீனியன் வாங்கி, அவர் சரிபார்த்த பிறகு தமிழில் பெயர்த்திருந்தால் மொத்தச் செலவும் இருபதாயிரத்துக்குள் முடிந்திருக்கும். மொழிபெயர்ப்புக்குக் கொடுக்கும்போது, தெரியாத சொல்லை யூகித்து எழுத வேண்டாம், ஆங்கில ஒலியிலேயே விட்டு அடிக்குறிப்புப் போடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். அக்ரிமெண்ட் போடுவதற்கு முன் இதை முடியுங்கள். முன்பணம் கைக்கு வந்த பிறகு கெடு ஓட ஆரம்பித்துவிடும், நிதானமாக அகராதி பார்க்க நேரம் இருக்காது.

வேறொருவருக்கு எங்கள் பாதியை விற்றோம், முதலில் பேசிய விலையைவிட நான்கு லட்சம் குறைவு. அதற்குள் அந்தத் தெருவில் எங்கள் பத்திரத்தில் ஏதோ சிக்கல் என்ற பேச்சு பரவியிருந்தது, பேரம் பேச அது ஒரு காரணமானது. திருச்சிப் பேரப்பிள்ளைகளுக்கு வக்கீலின் ஒப்பீனியனை அனுப்பி விளக்கினேன், நல்லபடியாகவே எடுத்துக்கொண்டார்கள். சொற்பட்டியலின் ஒரு நகலைச் சித்தப்பாவிடமும் கொடுத்திருக்கிறேன். முன்கட்டை அவர்கள் விற்கும் நாளில் அவர்களுக்கும் மூலப்பத்திரம் அதே 1938 டிக்ரிதான்.